கோச் கூப்பிட்டால் சீட் கிடைத்துவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் சிறிய, கெடுபிடியான லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் விளையாட்டு வழியாக அட்மிஷன் எப்படி நடக்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சில, பதில்களுடன்.

கே: அமெரிக்கன் ஃபுட்பால், பாஸ்கெட்பால் என்று விளையாட்டுக்கு மவுசு இருப்பது பெரிய யுனிவர்சிட்டிகளில்தானே? வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் மாதிரி படிப்புக்குப் பேர்போன குட்டிக் கல்லூரிகளில் கோச்சின் பேச்சு எந்த அளவுக்கு எடுபடும்?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

ப: குட்டிக் கல்லூரியில்தான் அதிகம் எடுபடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவர்கள் மட்டும் 30,000 பேருக்கு மேல். வார்சிட்டி டீம்கள் (கல்லூரியின் அதிகாரபூர்வ டீம்கள்) 29. வில்லியம்ஸில் மாணவர்கள் மொத்தமே 2,100 சொச்சம். டீம்களோ 30-க்கும் மேல். கல்லூரி சின்னது என்பதற்காக சாக்கர் டீமை நாலு பேரோடு ஆட முடியாது. ஆக, இப்படிப்பட்ட கல்லூரிகளில் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் ஏதாவது ஒரு டீமில் இருப்பார்கள்.

ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 2017 ஜனவரியில் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. இவ்வளவு வெளிப்படையாக வேறு கல்லூரிகள் பேசியது அபூர்வம். அதன்படி, ஆண்டுக்கு 67 பேர் வரை விளையாட்டுத் திறமையே பெரிய காரணமாக எடுக்கப்படுகிறார்கள். படிப்பிலும் மிக நன்றாக இருந்து, விளையாட்டும் கூடுதல் பலமாகச் சேர்ந்து உள்ளே வருகிறவர்கள் இன்னொரு 60 முதல் 90 பேர். அந்தக் கல்லூரியில் முதலாண்டில் சேருபவர்கள் ஏறக்குறைய 470 பேர்தான். அதாவது கால்வாசிக்கு மேற்பட்ட இடங்களில் கோச்சின் கை இருக்கிறது.

விளையாடாத பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதில் ஒரு சேதி உண்டு. ரெக்ரூட் செய்யப்படுகிறவர்களில் (கோச் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்களில்) பெரும்பாலோர் எர்லி டிசிஷன் வழியாகத்தான் வருகிறார்கள்; கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று உறுதி கொடுத்து, ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே போடும் விண்ணப்பம் அது. 'ரெகுலரில் 7 சதவீதம், எர்லி டிசிஷனில் 25 சதவீதம், அப்படியென்றால் எர்லியில் போட்டால் மூன்று மடங்கு வாய்ப்பு' என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்த 25-இல் கோச் முன்கூட்டியே பேசி முடித்துவைத்த பிள்ளைகளும் அடக்கம். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் அனுகூலம் மிகவும் சுருங்கிவிடும்.

இந்த நெருக்கடி தாங்காமல் ஸ்வார்த்மோர் கல்லூரி 2000 டிசம்பரில் தன் ஃபுட்பால் டீமையே கலைத்தது. அவ்வளவு சிறிய வகுப்பில் ஒரு ஃபுட்பால் டீமுக்கு ஆள் சேர்க்கவே ஏகப்பட்ட இடங்களை ஒதுக்க வேண்டியிருந்தது. பழைய மாணவர்கள் கொதித்தார்கள், முடிவு மாறவில்லை.

கே: என் மகன் டென்னிஸ் ஆடுகிறான். ஜி.பி.ஏ. 3.9, எஸ்.ஏ.டி. 1510. நெஸ்காக் கல்லூரி ஒன்றின் கோச், "உன்னை எங்கள் டீமில் பார்க்க ஆசைப்படுகிறேன், கட்டாயம் அப்ளை பண்ணு" என்று எழுதியிருக்கிறார். சீட் உறுதி என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷத்தில் இருக்கிறோம். நம்பலாமா?
– ஒரு தந்தை, ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

ப: இன்னும் இனிப்பு வாங்காதீர்கள். அந்தக் கடிதத்தில் எந்த உறுதியும் இல்லை. ஒரு கோச் இப்படி ஐம்பது பேருக்கு எழுதுவார். அவரால் அட்மிஷன் ஆபீசில் வாதாட முடிந்தது ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்காகத்தான்.

நெஸ்காக் என்பது 11 கல்லூரிகள் சேர்ந்த கூட்டமைப்பு: ஆம்ஹர்ஸ்ட், பேட்ஸ், போடின், கோல்பி, கனெக்டிகட் கல்லூரி, ஹாமில்டன், மிடில்பரி, டிரினிடி, டஃப்ட்ஸ், வெஸ்லியன், வில்லியம்ஸ். எல்லாம் என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) வகுத்த மூன்று பிரிவுகளில் டிவிஷன் 3; டிவிஷன் 1 உச்சப் பிரிவு. இங்கே ஒவ்வொரு டீமுக்கும் இத்தனை 'ஸ்லாட்' (கோச்சின் முழு ஆதரவோடு எடுக்கும் இடம்) என்று ஓர் அளவு உண்டு. ஃபுட்பாலுக்குப் பத்துக்கு மேல் கிடைக்கும். டென்னிஸ் போன்ற சின்ன டீமுக்கு ஒன்றிரண்டு. அதோடு, விண்ணப்பதாரர்களைப் படிப்பை வைத்து ஏ, பி, சி என்று 'பேண்ட்' பிரிக்கிறார்கள். ஏ பேண்டில் இருப்பவர் அந்தக் கல்லூரியின் சராசரி மாணவருக்கு இணையானவர். பி சற்றுக் கீழே. சி இன்னும் கீழே. அதில் ஆள் எடுக்க கோச்சுக்கு மிகக் குறைந்த அனுமதிதான். எந்த மார்க்குக்கு எந்த பேண்ட் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

இனி வரிசையாக நடப்பது. பதினோராம் வகுப்பு முடிந்ததும், ஜூலை 1 முதல் கோச் உங்கள் மகனின் டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளி மதிப்பெண் பட்டியல்), டெஸ்ட் ஸ்கோர், பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்களின் பட்டியல், பள்ளியைப் பற்றிய விவரத்தாள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி அட்மிஷன் ஆபீசுக்கு அனுப்புவார். இதற்குப் பெயர் ப்ரீ-ரீட். அட்மிஷன் ஆபீஸ் பார்த்துவிட்டு, 'இவரை ஆதரிக்கலாம்', 'கஷ்டம்', 'வேண்டாம்' என்ற மாதிரி ஒரு பதில் சொல்லும். பதில் சாதகமாக வந்த பிறகுதான் கோச், "எர்லி டிசிஷனில் எங்களுக்கே போடுவதாக இருந்தால் உனக்கு முழு ஆதரவு தருகிறேன்" என்பார். அந்த வாக்கியம் வந்தால்தான் கணக்கில் சேரும். ப்ரீ-ரீட்டை மூன்று நான்கு கல்லூரிகளில் செய்துகொள்ளலாம், தப்பில்லை. எர்லி டிசிஷன் மட்டும் ஒரே இடத்தில்தான்.

உங்கள் மகன் கோச்சிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை இவை (நீங்கள் அல்ல, அவன்தான் கேட்க வேண்டும்): என் ப்ரீ-ரீட் முடிந்துவிட்டதா, பதில் என்ன? நீங்கள் தருவது ஸ்லாட்டா, அல்லது சாதாரண சிபாரிசா? இந்த ஆண்டு டென்னிஸில் எத்தனை பேருக்கு இந்த ஆதரவு தருகிறீர்கள், பட்டியலில் நான் எத்தனையாவது? கடந்த சில ஆண்டுகளில் நீங்கள் முழு ஆதரவு கொடுத்தும் சீட் கிடைக்காமல் போனவர்கள் உண்டா? நல்ல கோச் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். தினமும் கேட்டுப் பழகியவர். மழுப்பினார் என்றால் அதுவே பதில்.

நம் வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் குறிப்பாக ஒரு சிக்கல் உண்டு. மார்க் நன்றாக இருக்கும். ஏ பேண்டில் வருவார்கள். அப்போது கோச், "உனக்கு ஸ்லாட் தேவையே இல்லை, உன் மார்க்குக்கு நீயே உள்ளே வந்துவிடுவாய், நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவைக்கிறேன்" என்பார். அவர் கெட்டவர் இல்லை. கையில் இருக்கும் இரண்டு ஸ்லாட்டை மார்க் குறைந்த இரண்டு நல்ல ஆட்டக்காரர்களுக்குச் செலவழித்து, உங்கள் மகனையும் இலவசமாகச் சேர்த்துக்கொண்டால் அவருக்கு மூன்று பேர். ஆனால் பத்துப் பேரில் ஒருவரை மட்டும் எடுக்கும் கல்லூரியில் 3.9-ம் 1510-ம் வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்த 'நல்ல வார்த்தை'யை நம்பி எர்லி டிசிஷனைச் செலவழிப்பது சூதாட்டம். அதே பையனுக்கு, கொஞ்சம் குறைந்த பெயருள்ள இன்னொரு கல்லூரியின் கோச் முழு ஆதரவு தரத் தயாராக இருக்கலாம். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முழு ஆதரவு கிடைத்த பிறகும் காரியம் கெடுவதுண்டு. ப்ரீ-ரீட்டில் ஏ.பி. (கல்லூரி அளவிலான) கால்குலஸ் எடுப்பதாகக் காட்டிவிட்டு, செப்டம்பரில் அதை விட்டுவிட்டு லேசான பாடம் எடுத்தால் ஆபீஸ் கவனிக்கும். முதல் பருவத்தில் இரண்டு பாடங்களில் 'சி' கிரேடு வந்தாலும் அப்படியே. ஒழுங்கு நடவடிக்கை எதுவும் வந்தால் கோச்சால் காப்பாற்ற முடியாது. அரிதாக, கோச்சே ஆகஸ்டில் வேலை மாறிப் போய்விடுவார். அப்படி நடந்தால் புதிதாக வந்தவரிடமோ விளையாட்டுத் துறைத் தலைவரிடமோ பேசி, பழைய வாக்கு நிற்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டுரைகளை ஏனோதானோவென்று எழுதலாம் என்று நினைப்பதும் தவறு. ஸ்லாட் இருந்தாலும் விண்ணப்பத்தை முழுதாகப் படிக்கிறார்கள்.

எர்லி டிசிஷன் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. முடிவு டிசம்பர் நடுவில் வரும். கோச் முழு ஆதரவு என்று சொன்ன நாளிலிருந்து ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குள் பதில் எதிர்பார்ப்பார். அவகாசம் கேட்கலாம், வாய் மூடி இருந்தால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.

கே: மகள் நீந்துகிறாள், கிளப்பில் நல்ல பெயர். அவளுடைய டைம் இந்தக் கல்லூரிகளுக்குப் போதுமா என்று யாரைக் கேட்பது?
– ஒரு வாசகி, கேரி, வட கரோலினா

ப: யாரையும் கேட்க வேண்டாம். நீச்சலிலும் ஓட்டத்திலும் இருக்கிற வசதி இதுதான்: எண்கள் எல்லாம் பொதுவெளியில் கிடக்கின்றன. அவள் விரும்பும் கல்லூரி எந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கூட்டமைப்பின் சாம்பியன்ஷிப் பிப்ரவரி மாதத்தில் நடக்கும். போன ஆண்டு முடிவுகளை எடுத்து, மகளின் சிறந்த டைமை அதில் பொருத்துங்கள். முதல் எட்டுக்குள் வந்தால் கோச்தான் உங்களைத் தேடுவார். பதினாறுக்குள் வந்தால் பேச்சுக்கு இடமுண்டு. அதற்கும் கீழே என்றால் டீமில் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் ஸ்லாட் தர மாட்டார்கள். இரண்டும் வேறு வேறு. ஒரு ஸ்ட்ரோக்கில் மட்டும் இல்லாமல் மூன்று போட்டிகளில் புள்ளி எடுக்கிறவளா என்பதையும் கோச் பார்ப்பார். ரிலேயில் ஆள் குறைகிறதா, எந்த ஸ்ட்ரோக்கில் இருப்பவர்கள் அடுத்த ஆண்டு பட்டம் வாங்கிப் போகிறார்கள் என்பதையும் பார்ப்பார். அதை நீங்களும் டீமின் வலைத்தளத்தில் பார்க்கலாம்.

கல்லூரி நீச்சல் 25 கெஜக் குளத்தில் நடக்கிறது. கோடையில் 50 மீட்டர் குளத்தில் எடுத்த டைமைக் கெஜத்துக்கு மாற்றாமல் அனுப்பினால் அது மெதுவாகத் தெரியும். மாற்றினால் அதை மாற்றிய டைம் என்று எழுத வேண்டும்.

2025 ஜூனில் ஒரு வழக்குத் தீர்வுக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்த பின், அதை ஏற்றுக்கொண்ட டிவிஷன் 1 கல்லூரிகளில் டீம் அளவுக்கு உச்சவரம்பு வந்துவிட்டது. அங்கே ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஓரத்தில் சேர்ந்துகொண்டிருந்தவர்கள் இப்போது டிவிஷன் 3 பக்கம் திரும்பலாம். அதனால் பழைய முடிவுகளைக் குறைந்தபட்ச அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோச்சுக்கு எழுதும் முதல் மெயில் மகளிடமிருந்து போகட்டும். பதினோராம் வகுப்பின் தொடக்கம் நல்ல சமயம். தலைப்பு வரியிலேயே சரக்கு இருக்க வேண்டும்: '2027 பேட்ச், 100 பேக் 57.4, 200 பேக் 2:03.1, ஜி.பி.ஏ. 3.85' என்ற மாதிரி (பேக் என்பது பேக்ஸ்ட்ரோக்). உள்ளே ஆறேழு வரி போதும்: எந்தப் பள்ளி, எந்த கிளப், முக்கிய டைம்கள் எந்தத் தேதியில் எடுத்தவை, போன ஆண்டிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கின்றன, அடுத்த மீட் எப்போது, இந்தக் கல்லூரியில் என்ன படிக்க ஆசை. டைம் குறைந்துகொண்டே வரும் போக்கு கோச்சுக்கு ஒற்றை எண்ணைவிட முக்கியம். ஒரே மெயிலை இருபது பேருக்கு நகலெடுத்து அனுப்பும்போது கல்லூரிப் பெயரை மாற்ற மறப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஹாமில்டன் கோச்சுக்கு 'மிடில்பரி என் கனவு' என்று போனால் அங்கேயே கதை முடிந்தது. டீம் வலைத்தளத்தில் இருக்கும் ரெக்ரூட் படிவத்தையும் நிரப்பச் சொல்லுங்கள். மெயிலைவிட அதிலிருந்துதான் பெயர் கோச்சின் பட்டியலில் ஏறும்.

கே: பாட்மிண்டனில் மாநில அளவில் ஆடுகிறாள். கிரிக்கெட்டும் ஆடுவாள். பயன்படுமா?
– ஒரு வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

ப: ரெக்ரூட்டிங்குக்குப் பயன்படாது. இரண்டுமே என்.சி.ஏ.ஏ. சாம்பியன்ஷிப் நடத்தும் விளையாட்டுகள் அல்ல. அதனால் சாதனை என்ற வகையில் விண்ணப்பத்தில் எழுதலாம்; அட்மிஷன் ஆபீஸ் அதை இசை, விவாதம் போல ஒரு திறமையாக மதிக்கும். கிரிக்கெட்டை வார்சிட்டி அந்தஸ்தோடு வைத்திருக்கும் கல்லூரி பென்சில்வேனியாவின் ஹாவர்ஃபோர்ட். அங்கே கல்லூரிக்கு வந்த பிறகு மட்டை பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் நிறைய ஆடுகிறார்கள் என்பதால், அதை நுழைவாயிலாக எண்ண வேண்டாம்.

கே: டிவிஷன் 3-இல் ஸ்காலர்ஷிப் எவ்வளவு தருவார்கள்? எங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து ஓரளவு நன்றாகவே இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத தம்பதி, நேப்பர்வில், இல்லினாய்

ப: விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடக் கிடையாது. டிவிஷன் 3-இன் அடிப்படை விதியே அது. ஹார்வர்ட், யேல் அடங்கிய ஐவி லீக் டிவிஷன் 1-இல் இருந்தும் இதே வழக்கம். விளையாட்டு ஸ்காலர்ஷிப் தரும் சிறிய கல்லூரி வேண்டுமானால் பேட்ரியாட் லீகில் உள்ள கோல்கேட், லாஃபயட், ஹோலி கிராஸ், அல்லது வட கரோலினாவின் டேவிட்சன் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். அவை டிவிஷன் 1.

நெஸ்காக் கல்லூரிகளில் உதவி குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. கணக்கிட்ட தேவையை முழுவதும் கொடுப்பார்கள், ஆனால் அந்தக் கணக்கு அவர்களுடையது. ஆண்டுச் செலவு 85,000 டாலரைத் தாண்டிவிட்டது. இரண்டு சம்பளம் வரும் வீட்டில், "நமக்குத் தேவை இருக்கிறது" என்று நாம் நினைப்பதும் கல்லூரி நினைப்பதும் ஒன்றாக இருக்காது. வீட்டுக் கடன், ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம் இவற்றுக்கெல்லாம் நாம் எதிர்பார்க்கும் அளவு கழிவு கிடைக்காது.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு கல்லூரி வலைத்தளத்திலும் இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவி போக நாம் கட்ட வேண்டியதைக் காட்டுவது) உண்மையான எண்களைப் போடுங்கள். பிறகு கோச் வழியாகவோ நேரடியாகவோ நிதியுதவி ஆபீசிடம், எர்லி டிசிஷனுக்கு முன்பே ஒரு மதிப்பீடு தர முடியுமா என்று கேளுங்கள். ரெக்ரூட் செய்யப்படுகிறவர்களுக்குப் பல கல்லூரிகள் இதைச் செய்து தருகின்றன. சொந்தத் தொழில் உள்ளவர்கள், விவாகரத்தானவர்கள், ஊரில் வாடகை வருமானம் உள்ளவர்கள் கால்குலேட்டரை மட்டும் நம்பக் கூடாது. அது தடுமாறும் இடங்கள் இவைதான். சீட் கிடைத்த பின் உதவி போதவில்லை என்றால் எர்லி டிசிஷன் ஒப்பந்தத்திலிருந்து விடுபடலாம். ஆனால் அது டிசம்பர் கடைசியில் மற்ற விண்ணப்பங்களைத் தொடங்கும் நிலையில் கொண்டுவிடும்.

மெரிட் ஸ்காலர்ஷிப் தேவையென்றால் நெஸ்காக்குக்கு வெளியே ஒரு படி கீழிறங்கிப் பாருங்கள். டிவிஷன் 3 கல்லூரிகள் பல, படிப்புக்காகத் தாராளமாகத் தள்ளுபடி தருகின்றன. விளையாட்டை அதில் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

கே: நான் சென்னையில் ஸ்குவாஷ் ஆடுகிறேன். பத்தாம் வகுப்பு. டிரினிடி கல்லூரி ஸ்குவாஷுக்குப் பெயர்போனது என்கிறார்கள். எனக்கு வழி உண்டா?
– ஒரு மாணவர், சென்னை

ப: உண்டு. டிரினிடியின் ஆண்கள் டீம் 1998 முதல் 2012 வரை தொடர்ச்சியாக 252 போட்டிகள் வென்றது; அதில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் பங்கு பெரிது. கல்லூரி ஸ்குவாஷை என்.சி.ஏ.ஏ. நடத்தவில்லை, தனிச் சங்கம் நடத்துகிறது. அதனால் டிரினிடி, வில்லியம்ஸ் போன்ற சின்னக் கல்லூரிகளும் ஹார்வர்டும் யேலும் ஒரே களத்தில் மோதுகின்றன.

உங்களுக்கு விளையாட்டைவிடப் பணம்தான் பெரிய தடையாக இருக்கும், தம்பி. வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்டால், பெரும்பாலான கல்லூரிகள் அதையும் கணக்கில் எடுத்துத்தான் சீட் தருகின்றன. ஆம்ஹர்ஸ்ட், போடின் போன்ற சிலவே அதைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன. எனவே கோச்சிடம் பேசும் முதல் சில கடிதங்களுக்குள்ளேயே, "என் குடும்பத்தால் ஆண்டுக்கு இவ்வளவுதான் முடியும்" என்று எண்ணைச் சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்தால் அக்டோபரில் இரு தரப்புக்கும் ஏமாற்றம்.

இன்னொன்று: 2023 ஆகஸ்ட் முதல், டிவிஷன் 3-இல் சேரும் வெளிநாட்டு மாணவர்கள் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் அமெச்சூர் சான்று (தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல என்ற சான்று) வாங்க வேண்டும். போட்டிகளில் பரிசுப் பணம் வாங்கினால் எப்போது, எவ்வளவு, அந்தப் போட்டிக்கு என்ன செலவானது என்று இப்போதிருந்தே ரசீதோடு எழுதிவையுங்கள். வீடியோ எடுக்கும்போது பின்சுவரின் உயரத்திலிருந்து, ஒரு முழு கேமை வெட்டாமல் எடுங்கள். வென்ற பாயின்ட்களை மட்டும் ஒட்டிய துணுக்குகளைப் பார்த்து எந்த கோச்சும் முடிவெடுப்பதில்லை. தோற்ற ராலிக்குப் பின் எப்படி நிற்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்.

கே: ஒரு ஆலோசகர் பெரிய தொகை கேட்கிறார், கோச்களைத் தனக்குத் தெரியும், சீட் உத்தரவாதம் என்கிறார்.
– ஒரு வாசகர், சான் ஹோசே

ப: உத்தரவாதம் என்ற சொல் வந்ததும் எழுந்து வந்துவிடுங்கள். ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் பிள்ளைகளுக்குப் பொய்யான விளையாட்டு விவரங்கள் தயாரித்து, கோச்களுக்குப் பணம் கொடுத்து சீட் வாங்கிய வழக்கு 2019 மார்ச்சில் வெடித்தது. அவருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டு சிறை. பணம் கொடுத்த பெற்றோர் பலரும் சிறை சென்றார்கள், பிள்ளைகள் சிலர் சீட்டை இழந்தார்கள். கோச் ரெக்ரூட் பட்டியலில் போட்ட பிள்ளை நிஜமாகவே ஆடுகிறதா என்று கல்லூரிகள் சரிபார்ப்பது அதன் பிறகு கூடியிருக்கிறது.

நேர்மையான ஆலோசகர் பட்டியல் தயாரிக்க உதவுவார், அவ்வளவுதான். அதேபோல கோடை முகாம் அழைப்பிதழும் ரெக்ரூட்டிங் அழைப்பல்ல. அது பெரும்பாலும் முகாமுக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம். முகாமுக்குப் பணம் கட்டுமுன் கோச்சுக்கு எழுதி, 'என் வீடியோவைப் பார்த்தீர்களா, என்னை நேரில் மதிப்பிட விரும்புகிறீர்களா' என்று கேட்டால் தெரிந்துவிடும்.

கே: எம்.ஐ.டி.யும் டிவிஷன் 3 என்கிறார்களே? கிளேர்மான்ட் கல்லூரிகளில் எப்படி?
– ஒரு வாசகி, பெல்வியூ, வாஷிங்டன்

ப: எம்.ஐ.டி. டிவிஷன் 3-தான், ஆனால் அங்கே கோச்சுக்கு ஒதுக்கீட்டு இடம் இல்லை. அவர் பரிந்துரைக்கலாம், முடிவு முழுக்க அட்மிஷன் ஆபீஸ் கையில். கோச் ஆதரித்தும் கிடைக்காதவர்கள் அங்கே சகஜம். கிளேர்மான்ட் என்பது கலிபோர்னியாவில் அருகருகே இருக்கும் ஐந்து கல்லூரிகள்; அதில் பொமோனாவும் பிட்சரும் சேர்ந்து ஒரு டீம். கிளேர்மான்ட் மெக்கன்னா, ஹார்வி மட், ஸ்கிரிப்ஸ் மூன்றும் சேர்ந்து இன்னொரு டீம். கோச் ஒருவர், அட்மிஷன் ஆபீஸ்கள் வேறு வேறு. கோச் 'சரி' என்றால் எந்தக் கல்லூரியின் ப்ரீ-ரீட்டுக்குச் சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: சேர்ந்த பிறகு காயம் பட்டாலோ, பிடிக்காமல் விலகினாலோ சீட்டும் உதவித்தொகையும் போய்விடுமா?
– ஒரு தாய், ஆஷ்பர்ன், வர்ஜீனியா

ப: போகாது. டிவிஷன் 3-இல் உதவி விளையாட்டோடு கட்டப்பட்டதல்ல, சீட்டும் அப்படித்தான். சட்டப்படி முதல் நாளே விலகலாம். விலகினால் அடுத்த ஆண்டு உங்கள் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்காக அந்த கோச் எவ்வளவு வாதாடுவார் என்பது வேறு விஷயம்.